ஐந்து முடிந்தது, ஆறாம் வகுப்பு எங்கே?

எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர ஒரே ஒரு தேர்வுதான். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். விரல் எட்டினால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று கணக்கு. எட்டாவிட்டால் அடுத்த வருஷம் வரச் சொல்வார்கள். 1958-இல் நானும் உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இப்படிக் காதைத் தொட்டுத்தான் சேர்ந்தேன். பிறந்த தேதியை வாத்தியாரே ஒரு மாதிரி ஊகித்து எழுதிக்கொள்வார். என் வயதுக்காரர்களில் பலருக்கு மே, ஜூன் மாதத்தில் பிறந்தநாள் வருவதன் ரகசியம் அதுதான்.

இது வாசகர்களுக்குத் தெரிந்த கதை. நான் சொல்ல வந்தது வேறு. விரல் காதைத் தொடுகிறதா என்று பார்த்தார்கள். தொட்ட காது கேட்கிறதா என்று பார்க்கும் வழக்கம் எந்தப் பள்ளியிலும் இருக்கவில்லை.

இதை இப்போது நினைக்கக் காரணம் என் பேத்தி. பிறவியிலேயே இரண்டு காதும் கேட்காது. மூன்று வயதில், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், மதுரையில் வைத்து காக்ளியர் கருவி பொருத்தினார்கள். வருஷக்கணக்கான பயிற்சிக்குப் பிறகு இன்று தமிழில் நன்றாகப் பேசுவாள். சண்டையும் போடுவாள். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இந்த ஏப்ரலோடு ஐந்தாம் வகுப்பை முடித்தாள். அங்கே ஐந்துக்கு மேல் வகுப்பு கிடையாது. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு எங்கே போவது?

வீட்டில் மூன்று கட்சி. மகன், மதுரையில் விடுதியோடு இருக்கும் காதுகேளாதோர் பள்ளி என்றான். மருமகள், வேன் வசதியுள்ள ஆங்கில வழி மெட்ரிக் பள்ளி என்றாள். என் மனைவி, பிள்ளை கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும், பக்கத்து ஊர் அரசு மேல்நிலைப் பள்ளி போதும் என்றாள். நான் முப்பத்து மூன்று வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். விடை எழுதும் முன் கொடுக்கப்பட்டவை என்னென்ன என்று எழுதிக்கொள்ளும் பழக்கம் போகவில்லை. இந்தக் கேள்வி நமது பள்ளத்தாக்குக்கு எப்போது வந்தது, அதற்கு முன்னால் இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல்தான் இந்தப் பதிவு.

ஒரு காலத்தில் எங்கேயும் போகவில்லை என்பதுதான் முதல் பதில். பேச்சு வராத பிள்ளைக்கு ஐந்து வயது வரை காத்திருப்பது நம்மவர்களின் வழக்கம். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை, திருச்செந்தூர் சந்நிதியில் வாய் திறந்தார் என்ற வரலாற்றை எங்கள் பாட்டிமார் எல்லோரும் அறிவார்கள். தேனிக்கருகே வீரபாண்டியில் பாண்டிய மன்னன் இழந்த பார்வையைக் கௌமாரியம்மன் அருளால் திரும்பப் பெற்றான் என்று தல வரலாறு சொல்கிறது. கண்ணுக்கு வேண்டிக்கொள்ள வருகிறவர்கள் காதுக்கும் வேண்டிக்கொள்வார்கள். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மொழி பிடிபடும் வயது முதல் சில வருஷங்கள்தான் என்பது இன்று எல்லா மருத்துவர்களும் சொல்வது. அந்த வருஷங்கள் வேண்டுதலிலேயே கழிந்தன.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுப்பது நம் பக்கத்தில் உரிமை. நெருங்கிய உறவில் கட்டும்போது பரம்பரையாக வரும் காதுகேளாமைக்கு வாய்ப்பு கூடுகிறது என்பதும் மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருவதுதான். எங்கள் வீட்டில் அது இல்லை. தெருவில் உண்டு.

பள்ளிக்கூடம் என்ற பதில் முதலில் தெற்கே இருந்து வந்தது. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். அதே ஊரில் 1897-இல் ஃபுளோரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காதுகேளாதோருக்கான பள்ளியை நிறுவினார். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். இந்தியாவில் அதற்கு முன் காதுகேளாதோருக்கு என்று பம்பாயில் 1885-இலும் கல்கத்தாவில் 1893-இலும் பள்ளிகள் வந்திருந்தன. ஆக, நம் தமிழ்நாடு இதில் பின்தங்கியிருக்கவில்லை. ஆனால் கம்பத்திலிருந்து பாளையங்கோட்டை இருநூறு கிலோமீட்டருக்கு மேல். போடிக்கு ரயில் வந்ததே 1928-இல்தான்.

இந்தப் பள்ளிகள் பிறந்த நேரத்தில் உலகத்தில் ஒரு பெரிய வழக்கு நடந்து முடிந்திருந்தது. 1880 செப்டம்பரில் இத்தாலியின் மிலான் நகரில், காதுகேளாதோர் கல்வி பற்றி ஒரு மாநாடு கூடியது. கைமொழி வேண்டாம், வாய்ப்பேச்சு ஒன்றே வழி என்று தீர்மானம் போட்டார்கள். கலந்துகொண்டவர்களில் காதுகேளாதவர் ஒரே ஒருவர், அமெரிக்காவிலிருந்து வந்த ஜேம்ஸ் டெனிசன். மற்றவர்கள் எல்லாம் காது கேட்பவர்கள். அந்தத் தீர்மானத்தைத் தவறு என்று அதே மாநாட்டின் வழிவந்த அமைப்பு ஏற்றுக்கொண்டது 2010-இல், கனடாவின் வான்கூவரில். இடையில் 130 வருஷம். அதற்குள் உலகமெங்கும் எத்தனையோ பள்ளிகளில் பிள்ளைகள் கையசைத்ததற்காக அடி வாங்கினார்கள். நம் நாட்டிலும் வகுப்பறையில் வாய்ப்பேச்சு, விடுதி வராந்தாவில் கைமொழி என்று இரட்டை வாழ்க்கை நடந்தது. வாத்தியார் இல்லாத இடத்தில் பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு மொழியை வளர்த்துக்கொண்டார்கள். எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த பகுதி அதுதான்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். அறுபதுகளில் அவரை அவருடைய அப்பா தெற்கே ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார். ஊரில் பலர் ஏசினார்கள். "வயசுப் புள்ளைய, அதுவும் வாய் பேசாத புள்ளைய, எங்கிட்டோ கொண்டு போயி விட்டுட்டு வந்திருக்காரே" என்று. அவர் காதில் வாங்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை போடி ரயிலில் அக்கா வந்து இறங்குவார். எழுத்து முத்து முத்தாக இருக்கும். தையல் வேலை அப்படி ஒரு சுத்தம். நாங்கள் சின்னப் பையன்கள், சிலேட்டை எடுத்துக்கொண்டு போய் அவரோடு எழுதி எழுதிப் பேசுவோம். தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் அப்போது இரண்டு பேரோ மூன்று பேரோ. அக்காவின் அம்மாவுக்குத் தெரியாது. ஆக, படித்து வந்த பிள்ளையோடு அம்மாவால் பேச முடியாது, மகளுக்கோ அம்மாவின் சைகை பழைய ஐந்து வயதுச் சைகையாகவே நின்றுவிட்டது. விடுமுறை முடிந்து ரயிலேறும் நாளில் அக்கா அழமாட்டார். அம்மாதான் அழுவார்.

விடுதிப் பள்ளி அவருக்குத் தந்தது பெரிது. அதை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியபோது அதைப் புரிந்துகொள்ள ஊரில் ஆள் இல்லை. மகன் மதுரை என்று சொன்னபோது எனக்கு அந்த அக்காவின் ஞாபகம்தான் வந்தது.

அனுப்ப வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் உள்ளூர்ப் பள்ளியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நம் மாவட்டத்தில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், ஒன்றியப் பள்ளிகள், மிஷன் பள்ளிகள் எல்லாம் உண்டு. எந்தப் பள்ளியானாலும் நடந்தது ஒன்றுதான். பலகையில் எழுதியதை அச்சுப்போலப் பார்த்து எழுதுவார்கள். எழுத்து அழகாக இருக்கும். பொருள் ஏறாது. ஐந்தாம் வகுப்போடு நின்று ஏலத் தோட்டத்துக்கோ திராட்சைத் தோட்டத்துக்கோ வேலைக்குப் போய்விடுவார்கள். கூலிச் சிட்டையில் அவர்கள் பெயர் "ஊமையன்" என்றே இருக்கும். வீட்டில் வைத்த பெயரைக் கேட்டால் பலருக்குத் தெரியாது.

அரசாங்கத் தாள்களில் மட்டும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. 1944-இல், வெள்ளைக்காரர் ஆட்சியிலேயே, சார்ஜண்ட் அறிக்கை சொல்லியிருக்கிறது: இத்தகைய பிள்ளைகளை முடிந்தவரை மற்ற பிள்ளைகளிடமிருந்து பிரிக்கக் கூடாது, குறைபாட்டின் தன்மையும் அளவும் கட்டாயப்படுத்தினால் மட்டுமே தனிப் பள்ளி. 1966-இல் கோத்தாரி கல்விக் குழுவும், இவர்களுடைய கல்வி பொதுக் கல்வியின் பிரிக்க முடியாத பகுதி என்றே எழுதியது. 1974-இல் மத்திய அரசு, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்த்துப் படிக்க வைக்க ஒரு திட்டம் கொண்டுவந்தது. "ஒருங்கிணைந்த கல்வி" என்று பெயர். (மாற்றுத்திறனாளி என்ற சொல் அன்று கிடையாது. கலைஞர் முதலமைச்சராக இருந்தபோது கொடுத்த சொல் அது. அதுவரை அலுவலகப் பலகைகளில்கூட "ஊனமுற்றோர்"தான்.)

ஒருங்கிணைந்த கல்வி என்ற பெயரைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். பள்ளி இருந்தபடியே இருக்கும். அதற்குள் பொருந்தும் அளவுக்குப் பிள்ளையைத் தயார் செய்து கொண்டுவர வேண்டும். தயாராக்குவது யார், எங்கே? நம்மைப் போன்ற ஊர்களில் அதற்கு ஆளே இல்லை.

1984 வாக்கில் என் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் காது கேட்கும் கருவியோடு வந்தான். இப்போது போலக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருப்பது அல்ல. தீப்பெட்டியைவிடப் பெரிய பெட்டி ஒன்று சட்டைப் பையில், அதிலிருந்து வயர் காதுக்குப் போகும். பென்சில் பேட்டரி போட வேண்டும். பேட்டரி தீர்ந்தால் அடுத்த சந்தை நாள் வரை கருவி வெறும் பெட்டிதான். சட்டைப் பையில் இருப்பதால் சட்டை உரசும் சத்தமே அவனுக்கு முதலில் கேட்கும், வாத்தியார் குரல் அதற்குப் பிறகு. அவன் கணக்கில் கெட்டி. கணக்குக்கு மொழி குறைவாகப் போதும். ஆனால் "ஒருவர் ஒரு வேலையை 12 நாட்களில் முடிப்பார் எனில்" என்று வாக்கியமாக வந்துவிட்டால் திகைத்து நிற்பான். எண்ணாக எழுதிக் கொடுத்தால் கண் மூடித் திறப்பதற்குள் போட்டுவிடுவான். அவனைப் பார்த்த பிறகுதான், காதுகேளாமை என்பது சத்தம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதைவிட மொழி சம்பந்தப்பட்டது என்பது எனக்குப் பிடிபட்டது. தமிழில் "கேள்வி" என்ற சொல்லுக்குக் கேட்டறிதல் என்றும் பொருள், வினா என்றும் பொருள். கேட்காத பிள்ளை கேள்வியும் கேட்காது என்று ஒரு சக ஆசிரியர் சொல்வார்.

இதை முன்பே உணர்ந்து செயல்பட்டவர்கள் சென்னையில் இருந்தார்கள். 1969-இல் தொடங்கிய பால வித்யாலயா, காதுகேளாத மழலைகளுக்கான பள்ளி. மிகச் சிறிய வயதிலேயே பிள்ளையை எடுத்து, கருவி போட்டு, தாயையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பேச்சையும் மொழியையும் கொடுத்து, பிறகு சாதாரணப் பள்ளிக்கு அனுப்பிவிடுவது அவர்கள் முறை. பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமல் வெளியே அனுப்புவதை நோக்கமாகக் கொண்ட சிறப்புப் பள்ளி! ஆனால் அது சென்னை. சின்னமனூர்க்காரர் ஒருவர் தோட்டத்தை விட்டுவிட்டு மூன்று வருஷம் சென்னையில் குடியிருக்க முடியுமா?

தொண்ணூறுகளில் காற்று மாறியது. 1994 ஜூனில் ஸ்பெயின் நாட்டு சலமான்கா நகரில் 92 நாடுகள் கூடி, எல்லாப் பிள்ளைகளையும் ஏற்கும் பொதுப் பள்ளியே அடிப்படை என்று அறிவித்தன. அடுத்த வருஷமே நம் நாட்டில் 1995-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. நமக்கு அதோடு இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. 1996-இல் தேனி தனி மாவட்டம் ஆனது. சாதாரண விஷயமாகத் தோன்றும். அதுவரை அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் கம்பம், கூடலூரிலிருந்து மதுரை ஆட்சியர் அலுவலகம் வரை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு தனி, டாக்டர் இல்லையென்றால் மறுபடியும் போக வேண்டும். பலர் அட்டையே வாங்காமல் விட்டதற்கு இந்த அலைச்சல்தான் காரணம்.

2001-க்குப் பிறகு அனைவருக்கும் கல்வித் திட்டம். வட்டார வள மையம் என்ற சொல் அப்போதுதான் எங்கள் காதில் விழுந்தது. வருஷத்துக்கு ஒரு முறை மருத்துவ முகாம், காதுக்குப் பின்னால் போடும் கருவிகள், இயன்முறை மருத்துவர், ஊர் ஊராகப் போகும் சிறப்பாசிரியர்கள். அந்தச் சிறப்பாசிரியர்களைப் பற்றி ஒரு தனிப் பதிவே எழுதலாம். தொகுப்பூதியத்தில், டூவீலரில், வெயிலில் பள்ளி பள்ளியாகச் சுற்றியவர்கள். என் பேத்திக்கு வாரம் ஒரு முறை வந்த சிறப்பாசிரியை இல்லாவிட்டால் இன்று இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது. திட்டத்தின் பெயரும் "உள்ளடங்கிய கல்வி" என்று மாறியது. பெயர் மாற்றத்தில் பொருள் இருக்கிறது. பிள்ளை பள்ளிக்கேற்ப மாறுவது பழைய திட்டம், பள்ளி பிள்ளைக்கேற்ப மாறுவது புதியது. தாளில்.

ஒரு ஓட்டையும் இருந்தது. இந்த ஏற்பாடெல்லாம் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பது முதல் பன்னிரண்டு வரைக்கான மத்தியத் திட்டம் 2009-இல்தான் தனியாக வந்தது. கல்வி உரிமைச் சட்டமும் ஆறு வயது முதல் பதினான்கு வரையோடு நிற்கிறது. உயர்நிலைப் பள்ளி என்று வரும்போது இந்தப் பிள்ளைகள் வாசலில் நின்றதற்கு இது பெரிய காரணம்.

அதே 2009-இல் தமிழ்நாட்டில் அரசு காப்பீட்டுத் திட்டம் வந்தது. இன்றைய முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், காக்ளியர் அறுவைச் சிகிச்சை ஆறு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு இலவசம். பல லட்ச ரூபாய் பிடிக்கும் சிகிச்சை இது. ஒரு ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கும் கிடைக்கிறது. ஐந்து வயது வரை காத்திருந்த ஊருக்கு, ஆறு வயதுக்குள் என்ற அந்தக் கெடு செய்த நன்மை பெரிது. இப்போது பாட்டிமாரே, "ரெண்டு வயசாச்சு, கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்குறான், காமிச்சிட்டு வா" என்று விரட்டுகிறார்கள்.

கடைசியாக 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் 31-ஆம் பிரிவைப் பலமுறை படித்தேன். 40 சதவீதத்துக்குக் குறையாத பாதிப்புள்ள, ஆறு முதல் பதினெட்டு வயது வரையான பிள்ளைக்கு, அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, தன் விருப்பப்படி, இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு என்கிறது. "விருப்பப்படி" என்ற சொல் இந்த இடத்துக்கு வந்து சேர, பாளையங்கோட்டைப் பள்ளி தொடங்கியதிலிருந்து எண்ணினால் 119 வருஷம் ஆகியிருக்கிறது. அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் எல்லாம் இவர்களைப் பாகுபாடின்றிச் சேர்க்கும்படி செய்ய அரசு "முயல வேண்டும்" என்கிறது. முயல வேண்டும் என்பதற்கும் செய்ய வேண்டும் என்பதற்கும் உள்ள தூரத்தை இந்த மே மாதத்தில் அளந்து பார்த்தோம்.

ஆறாம் வகுப்பில் அப்படி என்ன பெரிய மாற்றம் என்று சிலர் கேட்கலாம். தொடக்கப் பள்ளியில் நாள் முழுவதும் ஒரே டீச்சர். அவர் உதட்டசைவு பிள்ளைக்குப் பழகிவிடும். பிள்ளை முகம் பார்த்தே, புரியவில்லை என்று டீச்சருக்கும் தெரிந்துவிடும். ஆறில் பாடத்துக்கு ஒருவர், நாற்பது நிமிஷத்துக்கு ஒரு மணி. ஒருவர் மீசை உதட்டை மறைக்கும். ஒருவர் பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவார். கணக்கு வாத்தியார்கள் இதில் முதல் வரிசை. உதட்டசைவு எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்காது. "படம்", "மடம்" இரண்டுக்கும் உதடு ஒன்றுபோலவே மூடித் திறக்கும். கருவி வழியாக வரும் ஒலிதான் வித்தியாசம் காட்ட வேண்டும். அறுபது பேர் பேசும் வகுப்பில், மின்விசிறி கடகடக்க, வெளியே குமுளி பஸ் ஹாரன் அடிக்கும்போது, கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்தே வாரிக்கொடுக்கும். நம் காது பிரித்தெடுப்பது போல அது பிரிக்காது.

அடுத்தது மொழி. மருமகளின் வாதத்தில் நியாயம் உண்டு. "இங்கிலீஷ் இல்லாம இந்தக் காலத்துல என்ன மாமா செய்யும்? மத்த புள்ளைகளுக்கு ஒரு கஷ்டம்னா நம்ம புள்ளைக்கு ரெண்டு கஷ்டம், அதுக்காவது படிப்பு வேணாமா?" என்றாள். நான் மறுக்கவில்லை. ஆனால் ஏழு வருஷம் ஒவ்வொரு சொல்லாகக் கோத்துச் சேர்த்த தமிழ் அவளுடையது. மற்ற பிள்ளைகள் தெருவில் நடந்தே பொறுக்கிக்கொள்ளும் சொற்களை அவளுக்கு உட்காரவைத்துச் சொல்லித் தந்தோம். அறிவியலும் சமூக அறிவியலும் திடீரென்று ஆங்கிலத்தில் வந்தால், மறுபடியும் அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனின் கதைதான். பார்த்து எழுதுவாள், பொருள் ஏறாது. ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்கட்டும், பாடமெல்லாம் ஆங்கிலமாக வேண்டாம் என்றேன். சிறப்பாசிரியையும் அதையே சொன்னார். அவர் சொன்னதால்தான் மருமகள் ஒப்புக்கொண்டாள் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

இருந்தாலும் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்று மூன்று இடத்துக்கும் போனோம். பெயர்கள் வேண்டாம்.

மெட்ரிக் பள்ளியில் வரவேற்பு பலமாக இருந்தது, பேத்தியின் காதுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கும் வரை. தாளாளர், "பத்தாம் வகுப்பில் எங்கள் பள்ளி வருஷா வருஷம் நூறு சதவீதம் சார்" என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. 25 சதவீத இடஒதுக்கீட்டில் கேட்கலாமே என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். அது எல்.கே.ஜி., ஒன்றாம் வகுப்பு என்ற நுழைவு நிலையில் மட்டும்தான். ஆறாம் வகுப்புக்குக் கிடையாது. இதைத் தெரியாமல் மே மாதம் அலைகிற பெற்றோர் நிறைய.

மதுரைப் பள்ளியை நான் குறைவாக எடைபோட்டுக்கொண்டு போகவில்லை, நல்லவேளை. போனதும் பேத்தி மைதானத்தின் ஓரத்தில் நின்றுவிட்டாள். முப்பது நாற்பது பிள்ளைகள் கையால் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கைமொழி தெரியாது. ஆனாலும் பத்து நிமிஷத்தில் ஒரு பெண் அவளுக்குத் தன் பெயரைக் கையால் சொல்லிக் கொடுத்துவிட்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதையே செய்துகொண்டு வந்தாள். அங்கே யாரும் அவள் காதைப் பார்க்கவில்லை. பொதுப் பள்ளியில் எவ்வளவு நல்லது நடந்தாலும் இது கிடைக்காது. பொதுப் பள்ளிதான் எப்போதும் உயர்ந்தது என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு மணி நேரம் அந்த மைதானத்தில் நிற்க வேண்டும். கருவி பலன் தராத, பேச்சு வராத பிள்ளைக்கு நான் தயங்காமல் அதையே சொல்வேன்.

மூன்றாவது, வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி. தலைமையாசிரியை பேத்தியை உட்காரச் சொல்லிவிட்டு, எங்களிடம் கேட்ட முதல் கேள்வி: "எந்தப் பக்கம் நின்னு பேசுனா பாப்பாவுக்கு நல்லாக் கேக்கும் சார்?" வலது பக்கம் என்றோம். நோட்டில் எழுதிக்கொண்டார். அவருக்குக் காக்ளியர் பற்றி எதுவும் தெரியாது. தெரியாது என்பதை மறைக்கவும் இல்லை. ஆறாம் வகுப்பில் தமிழ் வழிப் பிரிவு இரண்டு. ஒன்று சாலையைப் பார்த்த கட்டடம், தகரக் கூரை. மழை பெய்தால் யாருக்குமே எதுவும் கேட்காது. மற்றது பின்பக்கம், புளியமரத்து ஓரம், கான்கிரீட் கூரை. நான் இரண்டு அறையிலும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். முழுநேரச் சிறப்பாசிரியர் அங்கே கிடையாது. ஆறுக்கு மேல் பதினைந்து பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் இப்போதும் வட்டார வள மையத்திலிருந்து வந்து போகிறவர்தான்.

என் மனைவி கேட்டது வேறு ஒரு விஷயம்: அஞ்சாம் வகுப்புத் தோழி எங்கே சேர்கிறாள்? அந்தப் பெண் ஐந்து வருஷமாகப் பேத்தியின் வலது பக்கத்தில் உட்கார்ந்தவள். டீச்சர் சொன்னது விட்டுப்போனால் நோட்டின் ஓரத்தில் எழுதிக் காட்டுவாள். சண்டையில் கருவியைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று மற்ற பிள்ளைகளை மிரட்டி வைத்திருந்தவளும் அவள்தான். அவள் இதே அரசுப் பள்ளியில் சேர்கிறாள் என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் வாக்குவாதம் பாதி அடங்கிவிட்டது. மகன் மட்டும் இரண்டு நாள் பேசாமல் இருந்தான். பிறகு, கோடை விடுமுறைகளில் மதுரைக்குக் கூட்டிப்போய்க் கைமொழியும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சரி என்றான். நியாயமான நிபந்தனை. கருவி என்பது மின்கலத்தில் ஓடும் பொருள். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கழற்றித்தான் ஆக வேண்டும்.

இனி வரப்போகும் ஒரு சிக்கலையும் இப்போதே பேசிக்கொண்டிருக்கிறோம். பத்தாம் வகுப்புத் தேர்வில் காதுகேளாத மாணவர்களுக்கு ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு, கூடுதல் நேரமும் உண்டு. விலக்கு தேவைப்படும் பிள்ளைகளுக்கு அது உயிர்காக்கும் சலுகை. ஆனால் விலக்கு உண்டு என்று தெரிந்ததுமே அந்தப் பாடத்தை ஆறாம் வகுப்பிலிருந்தே கைவிட்டுவிடும் பழக்கத்தை நான் வேலை பார்த்த நாட்களில் பார்த்திருக்கிறேன். மருமகள் தலைமையாசிரியையிடம், "ஆங்கிலப் பீரியடில் அவளை லைப்ரரிக்கு அனுப்பிடாதீங்க டீச்சர்" என்று கேட்டுக்கொண்டாள். கூடுதல் நேரத்தை வாங்கிக்கொள்வது, விலக்கை ஒன்பதாம் வகுப்பு வரை யோசிப்பதில்லை என்று முடிவு.

சேர்க்கை முடிந்தது. ஆறாம் வகுப்பு "ஆ" பிரிவு, புளியமரத்துப் பக்கம், இரண்டாவது பெஞ்ச். முதல் பெஞ்ச் வேண்டாம் என்று சிறப்பாசிரியை சொல்லிவிட்டார். முதல் பெஞ்சில் இருந்தால் பின்னால் யார் பேசுகிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்குமாம். இடது ஓரத்தில் உட்கார்ந்தால் வகுப்பு முழுவதும் வலது காதுப் பக்கம் இருக்கும். கணக்கு ஆசிரியர் என் பழைய மாணவர். பலகையைப் பார்த்துப் பேசாதே என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். "நீங்களும் அப்படித்தானே சார் பேசுவீங்க" என்றார்.